போர்க்குப் பின் நாட்டாக்கம்: புறநானூற்றுத் துறைகள் காட்டும் கருத்து வேறுபாடுகள்

1. முன்னுரை

அயலார் படையெடுத்து வந்து அழித்த நாட்டை மீண்டும் ஆக்குதல் அரிதாயினும் குழப்பமற்ற செயலாகும். பகைவர் நீங்கியபின் நாட்டார் ஒன்றுபட்டு இடிந்ததைக் கட்டுவர், உடைந்ததைத் திருத்துவர். ஒரு நாட்டினுள் உறைவோர் தம்முள் தாமே பொருது அழிந்தவிடத்து நிலைமை வேறு. வென்றோரும் தோற்றோரும் ஒரே வானத்தின் மழையை நம்பி வாழ வேண்டியவராவர். யாரை முன்வைத்து ஆக்குவது, எதனை முதலில் ஆக்குவது, இறந்தோரைப் பற்றி என்ன சொல்வது என்னும் வினாக்கள் அங்கே எழுகின்றன. அவற்றிற்கு விடை கூறுவோரும் தம்முள் மாறுபடுகின்றனர்.

இலங்கையில் 1983-ஆம் ஆண்டு முதல் 2009-ஆம் ஆண்டு மே மாதம் வரை நிகழ்ந்த போர் இவ்வினாக்களைத் தமிழ் மக்கள் முன் வைத்துள்ளது. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவற்றிற்கு ஒருமுகமான விடை பிறக்கவில்லை. வளர்ச்சியே மருந்து என்பார் ஒரு சாரார். நீதியே முதற்கண் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். ஆட்சியுரிமைப் பங்கீடின்றி எதுவும் நில்லாது என்பார் வேறொரு சாரார். அழுவதற்கேனும் இடம் தருக என்பாரும் உளர். இவர்களுள் பலர் தத்தம் கொள்கைக்கு அரணாகச் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நிகழும் இலக்கியப் பொழிவுகளில் புறநானூற்றின் 18-ஆம் பாட்டு நாட்டாக்கத்திற்குச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. குளம் தொட்டு வளம் பெருக்கினால் நாடு நலம்பெறும் என்பதே தமிழ்ச் சான்றோர் கண்ட முடிபு என்று அப்பாட்டைக் காட்டி முடித்துவிடுவர்.

அம்முடிபு முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. போரையும் போரின் பின்விளைவையும் பற்றிப் புறநானூற்றுப் புலவர் பலர் பேசியுள்ளனர். அவர்கள் ஒரே கொள்கையைக் கூறவில்லை. அவர்தம் வேறுபாடுகளைப் பாட்டுகளுக்கு வகுக்கப்பட்ட துறைகளே தெளிவாக உணர்த்துகின்றன. துணைவஞ்சி, முதுமொழிக்காஞ்சி, செவியறிவுறூஉ, கையறுநிலை என்னும் நான்கு துறைகளை ஈண்டு எடுத்துக்கொண்டு, அவற்றுள் அடங்கிய சில பாட்டுகளை ஒப்புநோக்கி, அவற்றின் ஒளியில் இற்றைக் கருத்து வேறுபாடுகளைக் காண்போம்.

2. துணைவஞ்சி

பிறரை வெல்லவோ கொல்லவோ எழுந்தவனைச் சந்து செய்து அமைவித்தல் துணைவஞ்சி எனப்படும். இத்துறைக்கண் தலைசிறந்து விளங்குபவர் கோவூர் கிழார். சோழர் குடியினரான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருத காலத்து இவர் பாடியவை புறநானூற்றில் உள்ளன. ஆவூர்க் கோட்டையுள் நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தபோது பாடிய 44-ஆம் பாட்டு வாகைத் திணையின் அரசவாகைத் துறையதாயினும் இவ்வரலாற்றோடு இயைபுடையது. கோட்டையுள் யானைகள் நீராடப் பெறாமல் வருந்துகின்றன, பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன, மகளிர் பூவற்ற கூந்தலராயிருக்கின்றனர், வீடுகளில் நீரில்லை. இவற்றைக் கூறியபின், அறத்தை விரும்பினால் கதவைத் திறந்து நாட்டைக் கொடு, மறத்தை விரும்பினால் திறந்து போரிடு, இரண்டும் செய்யாது ஒளிந்திருத்தல் நாணத்தக்கது என்று புலவர் இடித்துரைக்கின்றார்.

உறையூர் முற்றுகையின்போது பாடிய 45-ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. எதிர்த்து நிற்பவன் பனந்தோடு அணிந்த சேரனும் அல்லன். வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே என்று புலவர் சுட்டுகின்றார். இருவருள் எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. இருவரும் வெல்லுதல் உலகத்து இயற்கையன்று. இப்போர் அயல்வேந்தர்க்கே மகிழ்ச்சி தரும் என்பது அப்பாட்டின் பிழிவு. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் போருக்கு எழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் பாடிய 213-ஆம் பாட்டும் இத்தகையதே. மக்கள் தோற்பின் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்பின் உன் பகைவரன்றோ மகிழ்வர் என்று அவர் வினவுகின்றார். அம்மன்னன் பின்னர் வடக்கிருந்து உயிர் துறந்தான்.

இத்துறையின் கொள்கை எளிது. உள்நாட்டுப் போரில் வெற்றி என்று ஒன்று இல்லை. ஆகவே போர்க்குப் பிந்திய நாட்டாக்கம் என்பது போரைத் தவிர்ப்பதிலேயே தொடங்குகின்றது. ஆயினும் இக்கொள்கை எப்போதும் வென்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. நெடுங்கிள்ளி காரியாற்றுத் துஞ்சியவன் என்று அடைகொடுத்து வழங்கப்படுகின்றான். அவ்வடைமொழியே சந்து செய்வித்தல் நிலையான பயன் தரவில்லை என்பதற்குச் சான்றாகின்றது. எயிற்றியனார் சொல் ஒரு போரைத் தடுத்தது. கோவூர் கிழார் சொல் ஓர் அரசனை நாணச் செய்ததற்கு மேல் சென்றதாகத் தெரியவில்லை.

இவ்விடத்துச் சென்னையின் அண்மைக்கால வரலாறு ஒன்றையும் நினைவுகூர்தல் தகும். 1982-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் பிரபாகரனும் உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டனர். இருவரும் முன்னர் ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள். ஒரே குறிக்கோளைக் கூறியவர்கள். ஆத்தி சூடிய இருவர் ஆத்தி சூடிய இருவரே என்பதைக் கூறுதற்கு அன்று ஒரு கோவூர் கிழார் அத்தெருவில் இருந்திலர். பின்னர் இயக்கங்களிடையே நிகழ்ந்த கொலைகள் பல. 1990-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் கோடம்பாக்கத்தில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணித் தலைவர் பத்மநாபாவும் அவர்தம் தோழர்களும் கொல்லப்பட்டனர். ஆதலின் போர் என்பது இரண்டு இனங்களிடையே மட்டும் நிகழ்ந்ததெனக் கருதி நாட்டாக்கத்தைப் பேசுவோர், ஒரு குடிக்குள்ளேயே நிகழ்ந்த போரை மறந்து பேசுவோராவர்.

3. முதுமொழிக்காஞ்சி

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய 18-ஆம் பாட்டு முதுமொழிக்காஞ்சித் துறையது. அறிவுடையோர் உலகியல் கண்டு உணர்த்தும் உறுதிப்பொருள் அத்துறையின் பொருள். மறுமைச் செல்வம் வேண்டினும், உலகை வென்று ஆள வேண்டினும், நிலைத்த புகழ் வேண்டினும் செய்ய வேண்டுவது ஒன்றே என்று புலவர் தொடங்குகின்றார். உடம்பு உணவாலாயது, உணவு நிலமும் நீரும் கூடியது, அவ்விரண்டையும் கூட்டியவரே உடம்பையும் உயிரையும் படைத்தவராவர். வானத்தையே நோக்கும் வறுநிலம் எத்துணைப் பரந்ததாயினும் அரசனுக்குப் பயன்படாது. ஆகவே நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்குக என்று முடிக்கின்றார்.

இப்பாட்டைத் தனியே எடுத்துப் படிப்போர் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றனர். இதனையடுத்த 19-ஆம் பாட்டும் குடபுலவியனார் அதே வேந்தனைப் பாடியதே. அது தலையாலங்கானப் போர்க்களத்தைக் காட்டுவது. அங்கே வெட்டுண்ட யானைக் கைகள் கலப்பை போல நிலத்திற் புரள்கின்றன. தந்தையரோடு மைந்தரும் வீழ்ந்து கிடக்கின்றனர். மறக்குடி மகளிர் அவ்வீரச் சாவு கண்டு மகிழ்ந்து அழுகின்றனர். உழவுக்குரிய கருவியைப் போர்க்கள அழிவுக்கு உவமையாக்கிய புலவரே, அடுத்துள்ள பாட்டில் உழவுக்குரிய நீரைத் தேக்குமாறு வேண்டுகின்றார். எது முன் பாடப்பட்டது, எது பின் பாடப்பட்டது என்பது இங்கு வினாவன்று. தொகுத்தோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. பாழ்பட்ட களமும் நீர் நிறைந்த குளமும் அடுத்தடுத்து நிற்கும்போது 18-ஆம் பாட்டின் வேண்டுகோள் வேறொரு கனத்தைப் பெறுகின்றது.

மற்றொன்றையும் நோக்குக. குடபுலவியனார் வெற்றி வேந்தனின் விருப்பங்களை மறுத்தாரல்லர். மறுமையும் வெற்றியும் புகழும் அவ்வேந்தன் வேண்டுவன. அவற்றை அவ்வாறே ஏற்றுக்கொண்டு, அவற்றை அடையும் வழி நீர்நிலையே என்று திருப்பிவிடுகின்றார். இஃது அவர் அறிவின் திறம். அவருடைய கொள்கையின் எல்லையும் இதுவே. குழிந்த நிலம் யாருடையது, அங்கு முன்பு வாழ்ந்தவர் எங்கே, தேக்கிய நீர் யார் வயலுக்குப் பாயும் என்னும் வினாக்கள் இப்பாட்டில் எழவில்லை. மக்கள் இங்கே உண்ணும் உடம்புகளாகத் தோன்றுகின்றனர். உரைக்கும் வாய்களாகத் தோன்றினாரல்லர். இதே வேந்தனுக்கு மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சி பாடி நிலையாமையை உணர்த்தினார் என்பதையும் உடன்வைத்து எண்ணினால், ஒரு வெற்றி வேந்தனிடம் தமிழ்ப் புலவர் ஒரே மருந்தைக் கொண்டு செல்லவில்லை என்பது விளங்கும்.

4. செவியறிவுறூஉ

வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய 35-ஆம் பாட்டு பாடாண் திணையில் செவியறிவுறூஉத் துறையாக அமைந்தது. பழைய நிலவரிக் கடனை இப்பாட்டால் புலவர் நீக்கப்பெற்றார் என்பது பாட்டின் கீழ்க் காணும் பழங்குறிப்பால் அறியப்படுகின்றது. ஆகவே இது வெறும் புகழ்ப்பாட்டன்று. ஒரு வழக்கை முன்வைத்த பாட்டு.

நாகனார் கூறுவன நான்கு. முறை வேண்டி வருவோர்க்கு அரசன் எளிதிற் காணத்தக்கவனாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அரசனது குடை வெயிலை மறைத்தற்கு உரியதன்று. குடிகளுக்கு நிழல் தருவதற்கு உரியது என்பது இரண்டு. போர்க்களத்து வெற்றியும் உழுசாலில் விளைந்ததன் பயனே என்பது மூன்று. மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்பது நான்கு. இவற்றை உணர்ந்தவன் பொதுவாகப் பழி கூறுவோர் சொல்லைக் கொள்ளாது, உழவர் குடியைக் காப்பானாயின் பகைவரும் அவன் அடி பணிவர் என்று பாட்டு முடிகின்றது.

குடபுலவியனாரும் நாகனாரும் உழவையே பேசுகின்றனர். ஆயினும் அவர்தம் நோக்கு ஒன்றன்று. முன்னவர் நீரிலிருந்து தொடங்குகின்றார். பின்னவர் செவியிலிருந்து தொடங்குகின்றார். முன்னவர் பாட்டில் அரசன் செய்பவன். பின்னவர் பாட்டில் அரசன் முதலிற் கேட்பவன். முன்னவர் வெற்றிக்குப் பின் உழவை வைக்கின்றார். பின்னவர் வெற்றிக்கு முன்னே உழவை வைத்து, அதனால் வெற்றி உழவனுக்குக் கடன்பட்டது என்று காட்டுகின்றார். துறைப்பெயரே செவியை முன்னிறுத்துதல் நோக்கத்தக்கது. நாட்டாக்கத்தில் கேட்டல் முற்படுமா, கட்டல் முற்படுமா என்பதே இன்றைய பூசல்களின் நடுநாயகமான வினா என்பதை நினைக்குங்கால், இவ்விரு பாட்டுகளும் ஒரே தொகையில் இருப்பது பெரும்பேறாகும்.

5. கையறுநிலை

மேற்கூறிய மூன்று துறைகளும் அரசனை நோக்கிப் பேசுவன. நான்காவது துறை அரசனை நோக்குவதன்று, இழப்பை நோக்குவது. மூவேந்தர் முற்றிப் பாரியின் பறம்பைக் கொண்டபின் எழுந்த பாட்டுகளே இதற்குச் சான்று. 112-ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் குன்றும் தமக்கிருந்ததையும், இத்திங்களின் வெண்ணிலவில் வெற்றி முரசுடைய வேந்தர் குன்றைக் கொண்டதையும், தந்தையை இழந்ததையும் அவர்கள் கூறுகின்றனர். வேந்தரைத் திட்டவில்லை, முறையிடவில்லை, எதையும் வேண்டவில்லை.

கபிலர் பாடிய 118-ஆம் பாட்டு மிகச் சிறியது. பாறையும் குன்றும் இருபுறமும் பொருந்த, எட்டாம் நாட் பிறைபோல் வளைந்த கரையையுடைய தெளிந்த நீர்ச் சிறுகுளம், பாரி இல்லாத நாட்டில் உடையப் போகின்றதே என்று கபிலர் இரங்குகின்றார். இப்பாட்டை 18-ஆம் பாட்டோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒன்றில் வெற்றி வேந்தன் தொடுக்க வேண்டிய குளம். மற்றொன்றில் தோற்ற தலைவனின் உடையும் குளம். பறம்பின் குளத்திற்குக் கரையும் உண்டு, தெளிந்த நீரும் உண்டு, காப்பாரே இல்லை. பேணுவோர் நீங்கினால் குளம் தானே உடையும் என்பது இப்பாட்டு உணர்த்தும் செய்தி. மக்களைக் குடியமர்த்தாமல் கரையை மட்டும் உயர்த்துவதாற் பயன் விளையாது என்பது இதனாற் பெறப்படும்.

பாரி மகளிர்க்கு மணம் முடித்துத் தரக் கபிலர் பட்ட பாடும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது. விச்சிக்கோவிடம் வேண்டினார், இருங்கோவேளிடம் வேண்டினார், இருவரும் ஏற்றிலர். 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகள் இவ்வரலாற்றைக் கூறுவன. தோற்ற குடியின் இரண்டு மகளிரை மீண்டும் வாழ்வில் அமர்த்துதற்குக் கூட அக்காலத்துத் தலைவர் முன்வரவில்லை. போர்க்குப் பிந்திய மறுவாழ்வு எத்துணை அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று சங்க இலக்கியத்தில் வேறில்லை எனலாம்.

6. இற்றை வழக்கு

இனி இலங்கைக்கு வருவோம். போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அவைப் பொதுச்செயலாளர் அமைத்த அறிஞர் குழு 2011-இல் கூறியது. இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியாப் பகுதி முகாம்களில் வைக்கப்பட்டனர். மெனிக் பண்ணை முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. அரசு சாலைகளையும் இருப்புப்பாதையையும் செப்பனிட்டது. யாழ்ப்பாணத்திற்கு 2014 அக்டோபரில் மீண்டும் புகைவண்டி சென்றது. இது குடபுலவியனார் நெறியின் இக்கால வடிவம் எனலாம்.

அந்நெறியின் எல்லையைக் கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுக் குளம் காட்டிற்று. ஆசிய வளர்ச்சி வங்கியின் துணையோடு 2010-இல் ஒப்புதல் பெற்ற குடிநீர்த் திட்டத்தில், இரணைமடு நீரை யாழ்ப்பாணத் தீவகக் குடாநாட்டிற்குக் கொண்டு செல்வது முதற் கருத்தாக இருந்தது. கிளிநொச்சி உழவர் அதனை எதிர்த்தனர். தம் வயல் வறளும் என்றனர். குடாநாட்டார்க்கோ நல்ல குடிநீர் உயிர்த்தேவை. இருசாராரும் தமிழரே, இருசாராரும் போரில் நொந்தவரே. முடிவில் கடல்நீரைக் குடிநீராக்கும் வழிக்குத் திட்டம் மாற்றப்பட்டது. நீரைத் தேக்கு என்னும் அறிவுரை இங்குப் போதவில்லை. யாரைக் கேட்டுத் தேக்குவது, யாருக்குப் பகிர்வது என்னும் நாகனார் வினா இன்றியமையாததாயிற்று.

நீதியை முதன்மையாகக் கொள்வோர் நாகனார் வழியினர் எனலாம். குடியரசுத் தலைவர் 2010 மே மாதத்தில் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசம்பரில் வெளிவந்தது. அது காணாமற்போனோர், நிலம், அதிகாரப் பகிர்வு ஆகியன பற்றிப் பல பரிந்துரைகளைத் தந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமை அவையில் 2015 அக்டோபரில் நிறைவேறிய தீர்மானத்தை இலங்கை அரசும் சேர்ந்து முன்மொழிந்தது. 2020 பிப்ரவரியில் அவ்விணைவிலிருந்து விலகிற்று. காணாமற்போனோர் அலுவலகத்திற்கான சட்டம் 2016 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. ஆயினும் காணாமற்போனோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர்ந்து அமர்ந்து வினவினர். முறை வேண்டி வந்தோர்க்கு வாயில் எளிதாயிருந்ததா என்பதற்கு அவர்களின் நெடிய காத்திருப்பே விடை.

ஆட்சியுரிமைப் பங்கீட்டை முதன்மையாகக் கொள்வோர் வேறொரு பக்கம் நிற்கின்றனர். 1987-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையின் வழி வந்த 13-ஆம் திருத்தம் மாகாண அவைகளை ஏற்படுத்திற்று. வடமாகாண அவைக்கு 2013 செப்டம்பர் 21-இல் தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. தோற்பது ஒரே குடி என்று கோவூர் கிழார் கூறிய நிலை, இரு குடியினரும் ஒருவரையொருவர் ஒரு நாட்டினராக ஏற்றுக்கொண்ட பின்னரே மெய்யாகும். அவ்வேற்பை எழுத்தில் வைப்பதே அரசியலமைப்பின் பணி என்பது இவர்கள் கருத்து. துணைவஞ்சியைப் புலவன் சொல்லிலிருந்து சட்டத்தின் சொல்லுக்கு மாற்றும் முயற்சி இது எனலாம்.

இறுதியாகக் கையறுநிலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்தோர்க்கு எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் 2021 சனவரி 8-ஆம் நாள் இரவு இடிக்கப்பட்டது. மாணவர் எதிர்ப்பின் பின் மீண்டும் எழுப்பப்பட்டது. இழப்பை நினைத்தல் பகையை வளர்க்கும் என்பார் ஒரு சாரார். பாரி மகளிர் பாட்டு வேந்தரோடு பகை வளர்த்ததா என்பதை அவர்கள் எண்ணுதல் நன்று. எதையும் வேண்டாத இரங்கலையும் அடக்க முற்படும் ஆட்சி தன் வெற்றியில் தானே ஐயுறவு கொண்டதாகும். அதே நேரத்தில் கையறுநிலை ஒரு குடிக்கே உரியதன்று. 1990 அக்டோபரில் வடமாகாண முசுலிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற குளங்களும் பேணுவோரின்றி உடைந்தவையே. தம் இழப்பைப் பாடுவோர் பிறர் இழப்பையும் பாட இடங்கொடுத்தல் வேண்டும்.

7. நூலகம் ஒன்றின் சான்று

இந்நான்கு நோக்கும் ஓரிடத்தில் மோதிக்கொண்டதற்கு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தக்க சான்று. இதன் கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். அறிவுரை தந்தவர் நூலகவியல் அறிஞர் எசு. ஆர். அரங்கநாதன். 1959-இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 மே 31-ஆம் நாள் நள்ளிரவையொட்டி எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. போரினிடையே மீண்டும் கட்டும் பணி அரசால் தொடங்கப்பட்டு முடிந்தது. எரிந்த சுவரை எரிந்தபடியே நினைவாக வைத்தல் வேண்டும் என்றார் சிலர். வெள்ளையடித்துக் குற்றத்தை மறைக்கின்றனர் என்றார் சிலர். பிள்ளைகள் படிக்க நூல்கள் வேண்டும், காத்திருக்க இயலாது என்றார் சிலர். 2003 பிப்ரவரியில் திறப்பு நாள் குறிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது, நகராண்மைக் கழக உறுப்பினர் மிகப் பலர் பதவி விலகினர், திறப்பு தள்ளிப்போயிற்று. பின்னரே நூலகம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இவ்வாதத்தில் எச்சாராரும் முழுதும் தவறினாரல்லர். குளத்தைத் தொடுக்க வேண்டும் என்பது மெய். உடைந்ததை உடைந்ததென்று சொல்ல வேண்டும் என்பதும் மெய். தவறு நேர்ந்தது கேட்கும் முறையில். உரியாரைக் கேட்டு, அழிவின் வரலாற்றை அந்நூலகத்திலேயே ஏற்று எழுதி, அதன் பின் திறந்திருப்பின் பூசல் இத்துணை வளர்ந்திராது.

சென்னைத் தமிழறிஞர்க்கு இதில் தனியான பொறுப்பு ஒன்றுண்டு. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894-இல் அச்சேற்றினார். அவர் திரட்டிய சுவடிகள் 1943-இல் அடையாற்றில் தோன்றிய அவர் பெயராலாகிய நூல்நிலையத்தில் காக்கப்பட்டு வருகின்றன. ஒரு கரையில் சுவடி காக்கப்பட, மற்றொரு கரையில் சுவடி எரிந்தது. காக்கப்பட்ட சுவடியிலுள்ள பாட்டை எரிந்த நூலகத்தைப் பற்றிய வாதத்திற்கு எடுத்தாளும்போது, அதனை அரைகுறையாக எடுத்தாளுதல் அறமன்று.

8. தடையும் விடையும்

இவ்வாய்வுக்கு எழக்கூடிய தடைகள் மூன்று. சங்ககாலப் போர் வேந்தர் போர். குடிகள் அதில் பங்காளரல்லர். ஆகவே இக்கால நாட்டுரிமைப் போரோடு ஒப்பிடல் பொருந்தாது என்பது முதல் தடை. ஆட்சி அமைப்பில் ஒப்புமை காணின் அத்தடை வலியுடையதே. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட வீரயுகப் பாடல் ஆய்வில் அச்சமுதாயத்தின் தனித்தன்மையை விளக்கியுள்ளார். ஈண்டுக் காணப்படுவது அமைப்பின் ஒப்புமையன்று. அழிவின் முன் மாந்தர் பேசும் முறைகளின் ஒப்புமை.

துறைகள் பாடியோர் வகுத்தவையல்ல, பின்னோர் வகுத்தவை என்பது இரண்டாம் தடை. அதுவே இவ்வாய்வுக்கு அரணாகின்றது. இப்பாட்டுகளை முதலிற் பயின்றோர் இவற்றின் குரல் வேறுபாட்டை உணர்ந்து தனித்தனிப் பெயரிட்டனர் என்பதற்கு அவ்வகுப்பே சான்று. அவ்வேறுபாட்டை அழித்து ஒரே கொள்கையாகக் காட்டுவோர் பழைய பயிற்சிக்கு மாறானவராவர்.

எல்லாக் குரலும் ஒக்கும் எனின் ஆள்வோர்க்கு வழி தெரியாது என்பது மூன்றாம் தடை. எல்லாம் ஒக்கும் என்பது எம் கருத்தன்று. இவற்றிற்கு ஒரு முறை உண்டு. கொலை நிற்றல் முதலாவது, கேட்டல் இரண்டாவது, கட்டல் மூன்றாவது, இரங்கல் இம்மூன்றிலும் தடையின்றி நிகழ வேண்டுவது. கேளாமற் கட்டிய நாடு எவ்வாறாகும் என்பதற்கு இசுபானியா சான்று. அங்கு 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. வென்ற பிராங்கோ 1975-இல் இறக்கும்வரை ஆண்டு அணைகள் பலவற்றைக் கட்டினார். அவர் மறைந்தபின் 1977-இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் பழையதைப் பேசாது விடும் வழியை வகுத்தது. ஆயினும் 2000-ஆம் ஆண்டு முதல் புதைகுழிகள் தோண்டப்பட்டன. 2007-இலும் 2022-இலும் நினைவு பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. நீர்த்தேக்கங்கள் நிறைந்த நாட்டிலும் இறந்தோரின் பேரர் எலும்பைத் தேடினர். குடபுலவியனார் பாட்டை மட்டும் கற்றுக் கபிலர் பாட்டைக் கல்லாத நாட்டின் நிலை இதுவே.

9. முடிவுரை

புறநானூறு போர்க்குப் பிந்திய நாட்டாக்கத்திற்கு ஒரே கொள்கையை வகுத்துத் தரவில்லை. துணைவஞ்சி ஒரு குடியென நினைவூட்டுகின்றது. முதுமொழிக்காஞ்சி நீரைத் தேக்கச் சொல்கின்றது. செவியறிவுறூஉ குடிகளின் முறையைக் கேட்கச் சொல்கின்றது. கையறுநிலை இழந்ததை இழந்ததாகவே சொல்கின்றது. இவற்றுள் ஒன்றை எடுத்து மற்றவற்றை விடுவோர் அப்பாட்டிற்கும் நீதி செய்யார். நாட்டிற்கும் நீதி செய்யார்.

சங்ககாலத்தில் அரசன்முன் குடிகளுக்காகப் பேசப் புலவன் ஒருவன் வேண்டியிருந்தது. இக்காலத்தில் குடிகள் தாமே பேசும் உரிமையுடையவர். வரிக்கடன் நீங்கியது நாகனாரின் ஒரு பாட்டால். காணாமற்போனோரின் தாய்மார்க்கு விடை கிடைப்பது எவ்வழியால் என்பது இன்னும் விடுபடாத வினா. அவ்வினாவிற்கு விடை வராதவரை 18-ஆம் பாட்டை மேடையில் எடுத்துரைக்கும் தமிழறிஞர், 35-ஆம் பாட்டையும் 118-ஆம் பாட்டையும் அதனுடன் சேர்த்தே எடுத்துரைத்தல் கடமையாகும்.